கத்திரி வெயில்ல கள்ளிச் செடி வெந்துபோகுது: மாடியிலேருந்து எங்கே இறக்குறது?

வளவுவாசி (கானாடுகாத்தான்) | மே 8, இரவு 10:12

எல்லாருக்கும் வணக்கம். மூணு வருஷமா கள்ளி வளர்க்கிறேன், எழுபது தொட்டி இருக்கும். இதுவரைக்கும் பின்கட்டுச் சார்ப்புல பாதி வெயிலும் பாதி நிழலுமா கெடந்துச்சுக. பாலைவனச் செடிக்கு முழு வெயில் குடுத்தாத்தான் முள்ளு அழகா வரும்னு ஏதோ ஒரு காணொளியில பார்த்துட்டு, தை மாசம் எல்லாத்தையும் மொட்டைமாடிக்கு ஏத்திட்டேன். காலை வெயில்தான் நல்லதுன்னு கிழக்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையா வச்சேன். பங்குனியில மலைப்பக்கத்து நர்சரி ஒண்ணுலேருந்து கூரியர்ல பன்னிரண்டு செடி வந்துச்சு. அதையும் அங்கேயே வச்சேன்.

இப்ப நெலமை இது. ஆரஞ்சுப் பழம் அளவுல இருந்த தங்க உருண்டைக்கு (எக்கினோகாக்டஸ் குருசோனி) ஒரு பக்கம் வெளுத்து, அப்புறம் தோசை கருகுன மாதிரி ஆயிருச்சு. ஜிம்னோகாலிசியம் மூணும் செம்புக் கலராகிச் சுருங்கிப் போச்சு. தலையில சிவப்பு உருண்டை ஒட்டுப்போட்ட செடி நாலும் காலி. ரொம்ப ஆசையா வாங்குன ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டெரியாஸ் நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. இன்னைக்குத் தொட்டியை நகர்த்தலாம்னு கை வச்சா செடி தனியா கையோட வந்துருச்சு. அடியில ஒரே கூழு.

பாவமா இருக்கேன்னு தினம் சாயங்காலம் ஆறு மணிக்குக் குழாயால நல்லா நனைச்சு விட்டேன். நர்சரியிலேருந்து வந்த கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டி, தேங்காய் நார்க்கழிவு எல்லாம் அப்படியேதான் இருக்கு.

எங்க ஆயா கீழே உக்காந்து சிரிக்கிறாக. "ஊருல கள்ளியை வேலிக்குப் போட்டுட்டு மறந்துருவாக, நீ அதுக்குப் பந்தல் போட அலையிறியேத்தா"ங்கிறாக. யாராச்சும் வழி சொல்லுங்க.

முள்மடி (காரைக்குடி) | மே 8, இரவு 11:03

தங்கச்சி, உங்க மாடியில நடக்கிறது ஒரு வியாதி இல்ல, மூணு. ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்க வேணாம்.

தங்க உருண்டைக்கு வந்தது வெயில் தீய்ச்சல். முதல்ல வெளுக்கும், அப்புறம் மஞ்சள், கடைசியில பட்டை மாதிரி காய்ஞ்ச தழும்பு. தழும்பு போகாது, ஆனா செடி சாகாது. கீறவோ வெட்டவோ மருந்து தடவவோ வேணாம். உச்சி பச்சையா இருந்தா நாலஞ்சு வருஷத்துல புது வளர்ச்சி மேலே ஏறி, தழும்பு அடிக்குப் போயிரும். ஒரு விஷயம் மட்டும் பாருங்க. வெயில் தீய்ச்சல் வெயில் பட்ட பக்கத்துல மட்டும்தான் வரும். உச்சியிலேருந்து சுத்திவர துரு மாதிரி இறங்கினா அது சிவப்புச் சிலந்தி. பூதக்கண்ணாடி வச்சா ஊர்றது தெரியும்.

ஜிம்னோ செம்புக் கலராகிறது பயம். வெயில் தாங்காம தன்னைக் காப்பாத்திக்கச் சாயம் பூசிக்குது. நிழலுக்கு வந்தா தேறிரும்.

ஆஸ்டெரியாஸுக்கு நடந்தது கொலை. வெயில் கொல்லலை, உங்க குழாய்தான் கொன்னுச்சு. கோவிச்சுக்காதீங்க, நானும் பத்துப் பன்னிரண்டு செடியை இதே மாதிரி வழியனுப்பினவன்தான்.

எந்தப் பக்கம் கருகியிருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க.

சும்மாஇருப்பவன் (புதுவயல்) | மே 9, காலை 6:40

எங்க வீட்டுக் கொல்லையில சதுரக்கள்ளி, திருகுகள்ளி, சப்பாத்திக்கள்ளி மூணும் நிக்குது. தண்ணி ஊத்தினதே கிடையாது. ஆடு கூட எட்டிப் பாக்காது. ஜம்முனு இருக்குதுக. இதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய இழை?

முள்மடி (காரைக்குடி) | மே 9, காலை 7:15

தம்பி, நீங்க சொன்ன மூணுல ரெண்டு கள்ளியே வேற சாதி. சதுரக்கள்ளியும் திருகுகள்ளியும் பால் வடியிற யூஃபோர்பியா குடும்பம், நம்ம மண்ணுக்குப் பழகினது. காக்டஸ் குடும்பம்னா சப்பாத்திக்கள்ளி ஒண்ணுதான். அதுவும் அமெரிக்கக் கண்டத்துலேருந்து வந்து ஊரெல்லாம் படர்ந்து, 1926இல் இலங்கையிலேருந்து ஒரு செதில்பூச்சியைக் கொண்டுவந்து விட்டப்புறம்தான் அடங்குச்சு. தரையில வேரோடி நிக்கிற செடிக்கும், ஒரு சொம்பு அளவு தொட்டிக்குள்ள மாடியில நிக்கிற செடிக்கும் வித்தியாசம் இருக்குல்ல? அடியில மண் குளிர்ந்து கெடந்தா மேலே எவ்வளவு வெயிலும் தாங்கும். தொட்டியில வேரு எங்க ஓடும்?

வளவுவாசி (கானாடுகாத்தான்) | மே 9, மதியம் 1:20

அண்ணே, பார்த்துட்டேன். கருகினது எல்லாத்துக்கும் வடமேற்குப் பக்கம்தான். ஆனா நான் படிச்ச குறிப்பிலெல்லாம் தெற்குப் பக்கம்தான் தீயும், நர்சரியில எந்தப் பக்கம் தெற்கே பார்த்துச்சோ அதே பக்கம் வைக்கணும்னு இருந்துச்சு. அதுக்காகத் தொட்டியிலெல்லாம் 'தெ'ன்னு எழுதி வேற வச்சிருக்கேன்.

நிழல்வாத்தியார் (ஆத்தங்குடி) | மே 9, மாலை 5:48

ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியன் என்ற முறையில் ஒரு வார்த்தை. அந்தக் குறிப்புகள் கடக ரேகைக்கு வடக்கே இருப்பவர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டவை. அரிசோனாவில் வருடம் முழுக்க நண்பகல் சூரியன் தெற்கே நிற்கும். அங்குள்ள பீப்பாய்க் கள்ளிகள் தெற்கு நோக்கிச் சாய்ந்தே வளர்வதால், அவற்றைத் திசைகாட்டிக் கள்ளி என்றே சொல்வார்கள்.

நாம் இருப்பது ஏறக்குறைய பத்து பாகை வட அட்சத்தில். சித்திரை பிறந்த சில நாட்களிலேயே சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வந்துவிடுகிறது. அன்று நண்பகலில் நட்டுவைத்த கம்புக்கு நிழல் விழாது. அதற்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். மறுபடி தலைக்கு நேரே வருவது ஆகஸ்ட் கடைசியில், அதாவது ஆவணியில். கத்திரி முழுவதும் நமக்கு வடக்கு வெயில்தான், மாலையில் அது வடமேற்கு வெயில். தையில் தெற்கு வெயிலுக்குப் பழகிய செடியின் பழகாத முதுகுப் பக்கத்தைக் கத்திரியில் சுடுகிறது.

இன்னொன்றும் கவனித்தேன். காலை வெயிலுக்காகக் கிழக்குச் சுவரை ஒட்டி வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கிழக்குக் கைப்பிடிச் சுவர் காலை வெயிலைத்தான் அம்மா மறைக்கும்! மாலை வெயில் முழுவதும் அந்தச் சுவரில் விழுந்து, சுண்ணாம்பு வெள்ளையில் பட்டுத் திரும்பி, செடியை இரண்டு பக்கமும் வாட்டும்.

வளவுவாசி (கானாடுகாத்தான்) | மே 9, மாலை 6:30

ஐயா, தலையில குட்டிக்கிட்டேன். இத்தனை நாள் கிழக்குன்னா காலை வெயில்னு நினைச்சு மாடியேறி எறங்குறேன்!

பீனிக்ஸ்பள்ளத்தூரான் (அரிசோனா) | மே 9, இரவு 9:55

இந்த இழையைப் பார்த்ததும் உள்ளே வராம இருக்க முடியலை. பிறந்தது பள்ளத்தூர், இருபது வருஷமா பீனிக்ஸ். என் வீட்டு வாசல்லேயே ஒரு சகுவாரோ (கை மாதிரி கிளை விடுற பெரிய தூண் கள்ளி) நிக்குது.

கள்ளிக்கு வெயில்னா பிடிக்கும்ங்கிறதே பாதிப் பொய். இந்தப் பாலைவனத்துக்குள்ள நடந்து பார்த்தீங்கன்னா தெரியும், சின்னக் கள்ளி பெரும்பாலும் வெட்டவெளியில நிக்காது. பாலோ வெர்டே, இரும்புமரம் மாதிரி மரத்தடியிலதான் முளைக்கும். அந்த மரத்துக்குச் 'செவிலி மரம்'னே இங்கே பேரு. சகுவாரோ முதல் எட்டு வருஷத்துல ஒண்ணரை அங்குலம்தான் வளரும். அத்தனை வருஷமும் ஆயா முந்தானைக்குள்ள இருக்கிற பிள்ளை மாதிரி மரத்து நிழல்லதான் கெடக்கும். நர்சரியில வாங்குற ஆரஞ்சு அளவுச் செடியெல்லாம் இன்னும் முந்தானை விடாத பிள்ளைங்கதான்.

2023 கோடையை இங்கே யாரும் மறக்க மாட்டோம். ஜூன் கடைசியிலேருந்து 31 நாள் தொடர்ந்து 110 ஃபாரன்ஹீட்டோ அதுக்கு மேலயோ, நம்ம கணக்குல 43 டிகிரிக்கு மேல. தாவரவியல் தோட்டத்துலேயே நூறு வயசு சகுவாரோ கை உதிர்ந்து, நின்ன இடத்துல சாய்ஞ்சுச்சு. பார்த்தவங்க எல்லாம் வெயில் வெயில்னுதான் சொன்னாங்க. செடியைப் படிச்சவங்க வேற காரணம் சொன்னாங்க: ராத்திரி. பல ராத்திரி 32 டிகிரிக்குக் கீழே எறங்கவே இல்ல.

கள்ளி பகல்ல மூச்சு விடாது. பெரும்பாலான செடி பகல்ல இலைத்துளையைத் திறந்து காத்தை இழுக்கும், இது ராத்திரி குளிர்ந்தப்புறம் திறந்து, இழுத்ததை அமிலமா மாத்திச் சேர்த்து வச்சுக்கிட்டு, பகல்ல கதவைச் சாத்திட்டுச் சமைக்கும். தண்ணியைச் சேமிக்க அது கண்டுபிடிச்ச வழி அது. ராத்திரியே குளிரலைன்னா கதவைத் திறந்தாலும் நட்டம், சாத்தினாலும் பட்டினி. நாள்கணக்குல அப்படிக் கெடந்தா நோயெல்லாம் உள்ளே வந்துரும். அந்த வருஷம் பருவமழையும் ஏமாத்திருச்சு.

ஊருக்கு வெளியே இருக்கிற காட்டுல ராத்திரியாச்சும் குளிரும். ஊருக்குள்ள தார் ரோடும் கான்கிரீட்டும் பகல் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கிட்டு விடியவிடியக் கக்கும். உங்க கைப்பிடிச் சுவரும் தட்டோடு பதிச்ச மாடியும் அதே வேலையைத்தான் செய்யுது. பகல்ல எத்தனை டிகிரின்னு பாக்குறதை விட்டுட்டு, ராத்திரி பத்து மணிக்கு அந்தச் சுவர்ல கை வச்சுப் பாருங்க.

வளவுவாசி (கானாடுகாத்தான்) | மே 10, இரவு 10:40

அண்ணே, கை வச்சேன். எடுத்துட்டேன். பத்து மணிக்கும் தோசைக்கல்லு ஆறுன பக்குவத்துல இருக்கு.

பால் சூடு பாக்குற கம்பித் தெர்மாமீட்டர் ஒண்ணு அடுப்படியில கெடந்துச்சு. அதை மதியம் மூணு மணிக்குத் தொட்டி தொட்டியாக் குத்திப் பார்த்தேன். சுவரோரக் கறுப்புப் பிளாஸ்டிக்ல 51 டிகிரி. பக்கத்துலேயே மானாமதுரை மண்தொட்டியில இருக்கிற மாமில்லேரியாவுக்கு 42. ராத்திரி ஒன்பதரைக்கு அதே கறுப்புத் தொட்டியில 37. கீழே பின்கட்டுல சும்மா கெடந்த மண்தொட்டியில 30.

எனக்கு வயித்தைக் கலக்குனது பகல் கணக்கு இல்ல, அந்த 37தான். செடிக்கு ராத்திரின்னே ஒண்ணு இல்லாமப் பண்ணியிருக்கேன்.

முள்மடி (காரைக்குடி) | மே 10, இரவு 11:20

அளந்து பார்த்தீங்களே, அதுக்கே ஒரு கும்புடு. இங்கே பத்து வருஷமா வளர்க்கிறவங்க கூட அளக்கிறதில்ல.

கலிபோர்னியாவுல பார்க் நோபல்னு ஒருத்தர் கள்ளியோட வெப்பத் தாக்குப்பிடிப்பை வருஷக்கணக்கா அளந்தார். மெல்ல மெல்லப் பழகின கள்ளித் தண்டு 60 டிகிரியை ஒட்டின சூட்டைக் கூட ஒரு மணி நேரம் தாங்குது. 'மெல்ல மெல்லப் பழகின'ங்கிறதுதான் இதுல உயிர். குளிர்ந்த மலையில, பாலித்தீன் கூடாரத்துல வளர்ந்து, பெட்டிக்குள்ள நாலு நாள் இருட்டுல வந்த செடியைப் பங்குனி வெயில்ல நிறுத்தினா எப்படித் தாங்கும்? ஏசி ரூம்ல வளர்ந்த பிள்ளையை நாத்து நடவுக்கு அனுப்பின மாதிரிதான்.

நாளைக்கே எல்லாத்தையும் கீழே இறக்குங்க. பன்னிரண்டு புதுச்செடிக்கும் கத்திரி முடியிற வரைக்கும் நேர் வெயிலே வேணாம். தண்ணியை நிறுத்துங்க. முழுசா.

ரஸ்தாக்காரன் (தேவகோட்டை ரஸ்தா) | மே 11, காலை 5:50

முள்மடி அண்ணன் சொன்னதுல கடைசி வார்த்தை மட்டும் எனக்கு ஒத்துவரலை. நான் ஒண்ணரை ஏக்கர்ல டிராகன் பழம் போட்டிருக்கேன். அதுவும் கள்ளிதான், ஆனா காட்டு மரத்துல தொத்திப் படர்ற சாதி. முதல் வருஷம் யாரோ சொன்னாகன்னு சித்திரையில தண்ணியை நிறுத்திப்புட்டேன். தண்டெல்லாம் மஞ்சளடிச்சு, மேற்கே பார்த்த பக்கம் வெந்து அழுகிருச்சு. அடுத்த வருஷம் வரிசைக்கு நடுவுல அகத்தி போட்டேன், அம்பது சதவீத நிழல்வலை கட்டுனேன், சொட்டுநீர் அளவாக் குடுத்தேன். ஒண்ணும் ஆகலை. கயோலின் களிமண்ணைக் கரைச்சுத் தண்டுக்கு அடிக்கிறவுகளும் இருக்காக, வெள்ளையடிச்ச வீடு மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்பிரும். ஆனா சின்ன முள்ளுச் செடிக்கு அதை அடிச்சா பாக்கச் சகிக்காது.

தங்கச்சி சொன்ன சிவப்பு உருண்டை ஒட்டுச்செடிக்கு அடிக்கட்டை எங்க டிராகன் சாதிதான். மேல இருக்கிற சிவப்புல பச்சையமே கிடையாது, அது தானாச் சமைச்சுச் சாப்பிடாது, அடிக்கட்டை போடுற சோறுதான். அடிக்கட்டையைக் காயப்போட்டு வெயில்லயும் வச்சா ரெண்டும் போயிரும். அதை வெயில் செடின்னு வித்தவுகளைச் சொல்லணும்.

முள்மடி (காரைக்குடி) | மே 11, காலை 8:10

டிராகனைக் கொண்டுவந்து கள்ளிக் கணக்குல சேர்த்தா எப்படி மாப்ளே? அது காட்டுச் செடி. நான் சொன்னது உருண்டைக் கள்ளிக்கு. ராத்திரியும் சூடு அடங்காம இருந்தா அதுங்க வளர்ச்சியை நிறுத்திட்டுத் தூங்கிரும். தூங்குறவன் வாயில சோத்தைத் திணிச்சா புரையேறும். வேர் உறிஞ்சாத தண்ணி தொட்டியில நிக்கும், 50 டிகிரியில மண்ணே கஞ்சித்தொட்டி ஆகிரும்.

ரஸ்தாக்காரன் (தேவகோட்டை ரஸ்தா) | மே 11, காலை 8:34

சரி, உருண்டைக்கே வாங்க. நாலு அங்குலத் தொட்டி நம்ம வெயில்ல ரெண்டு மாசம் எலும்பாக் காய்ஞ்சா மயிர்வேரு எல்லாம் கருகிரும். அப்புறம் கோடைமழை வந்தா குடிக்க வேரு ஏது? அப்பத்தான் அழுகல் வருது. நீங்க அழுகின செடியைப் பார்த்துட்டு மழையைத் திட்டுவீக.

முள்மடி (காரைக்குடி) | மே 11, காலை 9:02

...இது யோசிக்க வேண்டிய பேச்சுத்தான். போன வருஷம் எனக்கு அழுகினது எல்லாமே அக்னி முடிஞ்ச முதல் மழைக்கப்புறம்தான். மழையைத்தான் திட்டினேன்.

அப்படின்னா இப்படி வச்சுக்குவோம். சின்னத் தொட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒருதரம் கால் டம்ளர். ஓரத்துல, மண்ணுல மட்டும், செடி தலையில படாம. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல, தொட்டி தொட்டா சில்லுன்னு இருக்கணும். சூடா இருந்தா அன்னைக்கு வேணாம். பெரிய செடிக்கு அதுவும் வேணாம், அது உள்ளே சேர்த்து வச்சதே போதும். உப்பு போர்த் தண்ணியா இருந்தா முள்ளு அடியில வெள்ளையா படியும், மழைத்தண்ணி பிடிச்சு வச்சது இருந்தா அதை ஊத்துங்க.

வளவுவாசி (கானாடுகாத்தான்) | மே 11, இரவு 9:15

இன்னைக்கு எல்லாத்தையும் இறக்கியாச்சு. மாடிப்படி முப்பத்திரண்டு, எழுபது தொட்டி, முழங்கால் என்கூடப் பேச மாட்டேங்குது.

முதல் யோசனை வளவு முற்றம். நாலு பக்கமும் பத்தி, நடுவுல வானம், தரை எப்பவும் சில்லுன்னு இருக்கும், ராத்திரி காத்து உள்ளே எறங்கும். கொண்டுபோய் வச்சுட்டேன். பதினோரு மணிக்கு வந்து பார்த்தா கம்பி வழியா வெயில் நேரே அதுங்க தலையில! வாத்தியார் ஐயா சொன்ன 'தலைக்கு நேர் வெயில்' அப்பத்தான் புத்தியில ஏறுச்சு. முற்றத்துச் சுவர் காலை வெயிலையும் மாலை வெயிலையும் மறைச்சுட்டு, கொல்ற நடு வெயில் ரெண்டரை மணி நேரத்தை மட்டும் அப்படியே உள்ளே விடுது. பத்து மணி வரைக்கும் நல்ல நிழல்ல இருந்த செடிக்குத் திடீர்னு உச்சி வெயில்.

கடைசியில பின்கட்டுக்குப் பின்னால முருங்கை மரத்தடிக்கு வந்துட்டேன். காலையில ஒன்பதரை வரைக்கும் சாய்ஞ்ச வெயில், அப்புறம் முருங்கை இலைக்குள்ள பொட்டுப் பொட்டா. கறுப்புத் தொட்டியை இந்த வெயில்ல மாத்தினா வேர் அறுந்துருமேன்னு பயமா இருக்கு. என்ன செய்ய?

முள்மடி (காரைக்குடி) | மே 11, இரவு 9:50

மாத்தாதீங்க. கத்திரியில தொட்டி மாத்துறதும் உரம் வைக்கிறதும் வேணவே வேணாம். கறுப்புத் தொட்டியை அப்படியே தூக்கி, அதைவிடப் பெரிய மானாமதுரை மண்தொட்டிக்குள்ள எறக்கி, சுத்தி ரெண்டு விரக்கடை இடத்துல மணலை நிரப்புங்க. மணல் சூட்டைத் தடுக்கும், மண்தொட்டி வேர்த்துக் குளிரும். நார்க்கழிவை ஆடிக்கு அப்புறம் தூக்கிப் போடுங்க. காஞ்சா கல்லாகித் தண்ணியை ஏத்துக்காது, நனைஞ்சா ஒரு வாரம் ஈரம் விடாது. நம்ம பக்கத்துக்கு அது எமன்.

அதுக்குப் பதிலா நல்ல கலவை வீட்டுலேயே இருக்கு. இடிஞ்ச வீட்டு நாட்டு ஓட்டைப் பட்டாணி அளவுக்கு உடைச்சுச் சலிச்சது ரெண்டு பங்கு, ஆத்து மணல் பரும்பொடி ஒரு பங்கு, செம்மண் அரைப் பங்கு, மக்கின இலை அரைப் பங்கு. மேலே கறுப்பு ஜல்லி போடாதீங்க, சூடு ஏறும். வெள்ளைக் கூழாங்கல் இருந்தாப் போடுங்க.

பீனிக்ஸ்பள்ளத்தூரான் (அரிசோனா) | மே 11, இரவு 10:30

முருங்கை! இதை நான் ஏன் யோசிக்கலைன்னு இருக்கு. பாலோ வெர்டேவும் இப்படித்தான், பொடிப்பொடி இலை, வெயிலைச் சலிச்சு விடும். ஆனா மழைக்காலத்துல முருங்கையில கம்பளிப்பூச்சி வரும், அப்ப செடியை நகர்த்திருங்க தங்கச்சி. அது கொட்டுனதை நான் பள்ளத்தூர்லேருந்து இன்னும் மறக்கலை.

வளவுவாசி (கானாடுகாத்தான்) | மே 12, காலை 7:05

ஆயா மரத்தடியில வந்து நின்னு பார்த்தாக. பாலோ வெர்டே கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாங்க சின்னப்புள்ளையில கள்ளிமுளையான் பறிச்சுத் தின்போம்ல, அது ஒருநாளும் வெட்டவெளியில கெடக்காதுத்தா. சூரைப் புதரைக் கையில முள்ளு கீற விலக்கித்தான் எடுக்கணும்"னாக. இந்தக் கதை அவுகளுக்கு எப்பவோ தெரிஞ்சிருக்கு, கேட்கத்தான் ஆளில்ல!

சும்மாஇருப்பவன் (புதுவயல்) | மே 12, காலை 7:20

கள்ளிமுளையான்னதும் நாக்குல ஊறுது. இது ஒண்ணுக்காக இந்த இழையை மன்னிக்கிறேன்.

நெறியாளர் | மே 12, காலை 10:00

பேச்சு தலைப்பிலேயே இருக்கட்டும். கள்ளிமுளையான் சமையலுக்குத் தனி இழை தொடங்கலாம்.

வளவுவாசி (கானாடுகாத்தான்) | மே 19, இரவு 8:25

அவசரம். இடியும் மின்னலுமா இருக்கு, அரை மணியில கொட்டும். செடியெல்லாம் திறந்த வெளியில. உள்ளே எடுக்கவா, நனைய விடவா?

ரஸ்தாக்காரன் (தேவகோட்டை ரஸ்தா) | மே 19, இரவு 8:31

எங்க பக்கம் ஆரம்பிச்சுருச்சு. கால் டம்ளர் கணக்கா குடிச்ச செடி நனையட்டும், ஒண்ணும் ஆகாது. வெந்த செடி, சுருங்கிப்போன ஜிம்னோ, கூரியர் செடி இதையெல்லாம் மட்டும் உள்ளே இழுங்க.

முள்மடி (காரைக்குடி) | மே 19, இரவு 8:33

சரிதான். தொட்டி அடியில தட்டு இருந்தா உடனே எடுத்துருங்க. மழை கெடுக்காது, மறுநாள் வெயில்தான் கெடுக்கும். உச்சிக் குழியில நின்ன தண்ணியை விடியறதுக்குள்ள துணித்திரியால ஒத்தி எடுத்துருங்க. இல்லேன்னா குழம்பு கொதிக்கிற மாதிரி கொதிச்சிரும்.

வளவுவாசி (கானாடுகாத்தான்) | மே 23, மாலை 6:10

மழை நல்லாப் பேஞ்சுச்சு, முற்றத்து அண்டா ரெண்டும் நிறைஞ்சுச்சு. திரி வச்சு ஒத்தினேன், ஆயா டார்ச் அடிச்சாக. ஒரே ஒரு மாமில்லேரியா மட்டும் இன்னைக்கு அடியில பழுப்பா, அமுக்கினா பொசபொசன்னு இருக்கு. ஆஸ்டெரியாஸ் மாதிரி இதையும் விடணுமா?

முள்மடி (காரைக்குடி) | மே 23, மாலை 6:45

விடாதீங்க. பழுப்பு எதுவரைக்கும் ஏறியிருக்குன்னு பாருங்க. கத்தியை நெருப்புல காட்டி, அடியிலேருந்து வட்ட வட்டமாச் சீவிக்கிட்டே மேல போங்க. ஒவ்வொரு தரமும் கத்தியைத் துடைச்சுருங்க. நடு நரம்பு வளையத்துல ஒரு பழுப்புப் புள்ளி கூட இருக்கக் கூடாது, இருந்தா மறுபடி ஏறிரும். சுத்தமான பச்சை வந்ததும் கந்தகத்தூளைத் தடவி, நிழல்ல காத்தாட ஒரு வாரம் பத்து நாள் கவுத்துப் போடுங்க. வெட்டுவாய் தோல் கட்டினதும் காய்ஞ்ச ஓட்டுத் தூள்மேல சும்மா உக்கார வைங்க. புதைக்க வேணாம். வேர் பிடிக்க மாசக்கணக்காகும், தண்ணி ஊத்தலாமான்னு கை அரிக்கும், கட்டிப் போட்டுக்கங்க.

நிழல்வாத்தியார் (ஆத்தங்குடி) | மே 24, காலை 6:15

நிழல்வலை கட்டியிருப்பவர்கள் கத்திரி முடிந்ததும் அதைக் கழற்றிவிடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். ஆவணியில் சூரியன் மறுபடி தலைக்கு நேரே வருகிறது. மக்கள் கத்திரியை நினைவில் வைத்திருப்பார்கள், ஆவணியை மறந்துவிடுவார்கள். ஐப்பசி மேகம் வந்த பிறகு கழற்றினால் போதும். வலையைச் செடிமேல் போர்த்தாமல் ஆள் உயரத்துக்கு மேல் கட்டுங்கள், அடியில் காற்று ஓட வேண்டும். தொட்டியில் 'தெ' என்று எழுதியதை அழிக்க வேண்டாம். தை மாதம் அதற்கு வேலை வரும்.

வளவுவாசி (கானாடுகாத்தான்) | ஜூன் 16, இரவு 9:30

கணக்குச் சொல்லிடுறேன். எழுபதுல பதினொன்னு போச்சு. மாடியிலேருந்து இறக்கினப்புறம் போனது ரெண்டுதான். ஜிம்னோ மூணுல ரெண்டு பச்சைக்குத் திரும்பிருச்சு. தங்க உருண்டை உச்சியில மஞ்சளா புது முள்ளு மூணு எட்டிப் பாக்குது, தழும்பு அப்படியே இருக்கு. வெட்டுன மாமில்லேரியா ஓட்டுத்தூள்மேல சாமி மாதிரி உக்காந்திருக்கு, நான் தண்ணி ஊத்தலை, சத்தியமா. ராத்திரி ஒன்பதரைக்கு முருங்கையடித் தொட்டியில தெர்மாமீட்டர் 28 காட்டுது.

ஆயா நாற்காலியும் இப்ப அங்கேதான் கெடக்கு. ராத்திரி காத்துக்கு வீட்டுலேயே அதுதான் நல்ல எடமாம்.

இந்த ஊர்ச் சூட்டுக்கே ஒத்துவர்ற உருண்டைக் கள்ளி ஏதாச்சும் இருக்கா? அடுத்து வாங்கினா அதை வாங்கலாம்னு பார்க்கிறேன்.

முள்மடி (காரைக்குடி) | ஜூன் 16, இரவு 10:05

மெலோகாக்டஸ். கரீபியன் தீவு, பிரேசில்னு சூடான கடலோரத்துச் சாதி. ராத்திரி குளிரலைன்னாலும் கவலைப்படாது, குளிர்னாத்தான் அதுக்குப் பயம். பெரிசானதும் தலையில துருக்கிக் குல்லா மாதிரி ஒண்ணு வரும், அதுலேருந்து வருஷம் முழுக்கப் பூவும் ரோஸ் கலர்ல காயும். மத்ததைப் போல இதை எலும்பாக் காயப் போடக் கூடாது, வாரம் ஒருதரம் தண்ணி வேணும். ரஸ்தா மாப்ளே, இதுல உங்க கட்சி ஜெயிச்சது.

விதையில முளைச்ச கன்னு என்கிட்ட நாலு இருக்கு, புளியங்கொட்டை அளவுதான். ரெண்டு எடுத்துக்கங்க. மண்தொட்டி நீங்க கொண்டாரணும், பகல்ல வராதீங்க.